கம்ப்யூட்டர் வாங்கினோம், லைசென்ஸ் வாங்கினோமா?

வண்டி வாங்கினால் ஆர்.சி. புத்தகம் கேட்கிறோம். நிலம் வாங்கினால் பத்திரம் கேட்கிறோம். மாடு வாங்கினால்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம்.

கம்ப்யூட்டர் வாங்கினால் என்ன பார்க்கிறோம்? பெட்டி புதியதா, திரை தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கிறோம். அத்துடன் விட்டுவிடுகிறோம்.

அது போதாது. கம்ப்யூட்டருக்கும் ஒரு வகைப் பத்திரம் உண்டு. அதற்கு 'லைசென்ஸ்' என்று பெயர். தமிழில் உரிமம் என்று சொல்வோம்.

இன்று கம்ப்யூட்டர் பெரிய ஆபீசில் மட்டும் இருக்கும் பொருள் இல்லை. ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. மகளிர் குழுவின் கணக்கு அதில் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு அதில் நடக்கிறது. பலர் கடன் வாங்கித்தான் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். கடன் வாங்கிய பணம் வீணாகலாமா?

வாருங்கள், இந்த லைசென்ஸ் விஷயத்தைப் புரிந்துகொள்வோம்.

கம்ப்யூட்டரை ஓட்டுவது யார்?

ஒரு பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். இன்ஜின் இருக்கிறது. சக்கரம் இருக்கிறது. டீசலும் இருக்கிறது. டிரைவர் இல்லை. பஸ் ஓடுமா? ஓடாது.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். திரை, விசைப்பலகை, உள்ளே இருக்கும் பலகைகள் எல்லாம் கையால் தொடக்கூடிய பொருள்கள். இவற்றை வன்பொருள் என்பார்கள். இவை தானாக வேலை செய்யாது. இவற்றை ஓட்டுவதற்கு ஒரு டிரைவர் வேண்டும்.

அந்த டிரைவருக்கு 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று பெயர். தமிழில் இயங்குதளம். இதைக் கையால் தொட முடியாது. இது எழுதி வைத்த கட்டளைகளின் தொகுப்பு. நீங்கள் ஒரு எழுத்தை அழுத்தினால் திரையில் அது தெரிவதும், ஒரு கடிதம் அச்சாகி வருவதும் இதன் வேலைதான்.

இந்தியாவில் அதிகம் பார்க்கிற இயங்குதளம் 'விண்டோஸ்'. இதைத் தயாரிப்பது அமெரிக்காவில் உள்ள மைக்ரோசாஃப்ட் நிறுவனம். விண்டோஸ் முதன்முதலில் 1985-இல் வந்தது. இப்போது புதிய கம்ப்யூட்டர்களில் வருவது விண்டோஸ் 11. இது 2021-இல் வெளியானது.

'லினக்ஸ்' என்று இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

லைசென்ஸ் என்றால் என்ன?

நாம் ரயிலில் போகிறோம். டிக்கெட் வாங்குகிறோம். டிக்கெட் வாங்கியதால் ரயில் நமக்குச் சொந்தமாகிவிடுமா? ஆகாது. பயணம் செய்யும் உரிமைதான் நமக்கு உண்டு.

விண்டோஸும் அப்படியே. பணம் கொடுத்தாலும் விண்டோஸ் நமக்குச் சொந்தமில்லை. அதைப் பயன்படுத்தும் உரிமைதான் நமக்குக் கிடைக்கிறது. ஒரு லைசென்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டர். அதுதான் கணக்கு. ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் போக முடியாது இல்லையா?

முன்பெல்லாம் ஒருவர் ஒரு விண்டோஸ் தட்டை வாங்குவார். அதையே பத்துப் பேர் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வார்கள். கேட்பார் இல்லை. 2001-இல் 'விண்டோஸ் எக்ஸ்பி' வந்தது. அப்போது மைக்ரோசாஃப்ட் ஒரு பூட்டுப் போட்டது. அந்தப் பூட்டைத் திறப்பதற்குத்தான் 'ஆக்டிவேஷன்' என்று பெயர்.

ஆக்டிவேஷன் எப்படி நடக்கிறது?

ஒவ்வொரு லைசென்ஸுக்கும் ஒரு சாவி எண் உண்டு. இதில் 25 எழுத்துகள் இருக்கும். ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து வரும்.

இந்த எண்ணைப் படிக்க ஒரு எளிய குறிப்பு. இதில் சைபர் வராது. 'ஓ' என்ற ஆங்கில எழுத்தும் வராது. ஒன்று என்ற எண்ணும் வராது. 'ஐ' என்ற எழுத்தும் வராது. குழப்பம் வரக்கூடாது என்றே இவற்றை விட்டுவிட்டார்கள். ஆனால் 'பி' என்ற எழுத்தும் 8 என்ற எண்ணும் இரண்டுமே வரும். அங்கே மட்டும் உற்றுப் பார்க்க வேண்டும்.

சாவி எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்ததும் என்ன நடக்கும்?

ரேஷன் கடையில் கைரேகை வைக்கிறோம். அந்தக் கைரேகை நம் கார்டோடு ஒத்துப் போகிறதா என்று மெஷின் பார்க்கிறது. அதுபோலக் கம்ப்யூட்டருக்கும் ஒரு கைரேகை உண்டு. உள்ளே இருக்கும் பாகங்களை வைத்து அந்த அடையாளம் உருவாகிறது. சாவி எண்ணும் இந்த அடையாளமும் இன்டர்நெட் வழியாக மைக்ரோசாஃப்டுக்குப் போகும். இந்த எண் சரியானதா, வேறு கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஓடுகிறதா என்று அங்கே பார்ப்பார்கள். சரியாக இருந்தால் பூட்டுத் திறக்கும்.

பெரிய கம்பெனிகளின் புதிய லேப்டாப்பில் இந்த வேலைகூட நமக்கு இல்லை. 2012-க்குப் பிறகு சாவி எண்ணைக் கம்ப்யூட்டரின் உள்ளேயே பதித்து அனுப்புகிறார்கள். முதல் முறை இன்டர்நெட்டில் சேர்த்தால் போதும். அதுவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

மூன்று வகை லைசென்ஸ்

எல்லா லைசென்ஸும் ஒன்று இல்லை. மூன்று வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வகை, கம்ப்யூட்டரோடு வருவது. இதை 'ஓ.இ.எம்.' லைசென்ஸ் என்பார்கள். இது வந்த கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கம்ப்யூட்டரை விற்றால் லைசென்ஸும் அதோடு போகும். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட முடியாது.

இரண்டாம் வகை, கடையில் தனியாக வாங்குவது. இதை 'ரீடெயில்' லைசென்ஸ் என்பார்கள். விலை கூடுதல். ஆனால் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டுப் புதிய கம்ப்யூட்டரில் போடலாம். ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டுமே ஓட வேண்டும்.

மூன்றாம் வகை, பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பது. இதை 'வால்யூம்' லைசென்ஸ் என்பார்கள். நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸ், கல்லூரி போன்ற இடங்களுக்கு இது. இதைத் தனி ஆளுக்கு விற்கக்கூடாது.

ஏமாற்று வேலை பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையில்தான் நடக்கிறது. எங்கோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த எண்ணை எடுத்துச் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். முதலில் வேலை செய்யும். இந்த வகையில் ஒரு முறை, 180 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரோடு மறுபடி தொடர்பு கொண்டால்தான் நீடிக்கும். நம் வீட்டில் அது நடக்குமா? நடக்காது. ஆறு மாதத்தில் மறுபடி பூட்டு விழும். விற்றவரின் போன் அப்போது 'ஸ்விட்ச் ஆஃப்' என்று சொல்லும்.

ஒரு ஜெராக்ஸ் கடையில்

மும்பையில் தாராவிப் பக்கம் ஓர் அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குழுவில் கடன் எடுத்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டுத் தம்பி கம்ப்யூட்டர் படித்தவர். இருவரும் பேசுவதைக் கேட்போம்.

அக்கா: தம்பி, திரையில கீழே வலது மூலையில ஏதோ இங்கிலீஷ் எழுத்து நிக்குது. என்ன செஞ்சாலும் போக மாட்டேங்குது.

தம்பி: அது 'ஆக்டிவேட் விண்டோஸ்'னு இருக்கு அக்கா. விண்டோஸ் போட்டிருக்காங்க. ஆனா லைசென்ஸ் போடல.

அக்கா: ஐயையோ! கம்ப்யூட்டர் நின்னுடுமா?

தம்பி: உடனே நிக்காது. பின்னால இருக்கிற படத்தை மாத்த முடியாது. சில அமைப்பு மாத்த முடியாது. இந்த எழுத்து போகாது. ஆனா லைசென்ஸ் இல்லாம ஓட்டுறது சரியில்ல. அதுவும் நீங்க கடை நடத்துறீங்க.

அக்கா: வித்த கடையில கேட்டேன். முந்நூறு ரூபா குடுங்க, அந்த எழுத்தை எடுத்து விடுறேன்னு சொன்னாரு.

தம்பி: குடுக்காதீங்க அக்கா. முந்நூறு ரூபாய்க்கு லைசென்ஸ் வராது. ஏதாவது திருட்டுப் புரோகிராம் போட்டு எழுத்தை மறைப்பாரு. அவ்வளவுதான். பில் வச்சிருக்கீங்களா?

அக்கா: பில் தரல. வாங்கறதுக்கு முந்தி ஒரு சீட்டுல விலை எழுதிக் குடுத்தாரு. இதோ இருக்கு. நானே படிக்கிறேன். 'கம்ப்யூட்டர், விண்டோஸ் 11 உடன், 34,000.'

தம்பி: 'விண்டோஸ் 11 உடன்'னு அவர் கையாலேயே எழுதியிருக்காரே! லைசென்ஸுக்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கியிருக்காரு. இதை எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு, லைசென்ஸ் தரட்டும். இல்ல, அதுக்கான பணத்தைத் திருப்பித் தரட்டும். ஒழுங்கான பில்லும் கேளுங்க.

அக்கா: தர மாட்டேன்னா?

தம்பி: அதுக்கும் வழி இருக்கு அக்கா. வாங்க, சொல்றேன்.

அந்தச் சீட்டை அக்கா தூக்கி எறியவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் இப்போது கைகொடுக்கிறது.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு. இவை கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த இடங்கள். நல்ல கடைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கே வாங்கினாலும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

ஒன்று. 'இதில் விண்டோஸ் லைசென்ஸோடு வருகிறதா?' என்று கேளுங்கள். ஒரே மாதிரி இரண்டு லேப்டாப் இருக்கும். ஒன்று சில ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கும். அதன் பெட்டியில் 'டாஸ்' அல்லது 'லினக்ஸ்' என்று போட்டிருக்கும். அதில் விண்டோஸ் இல்லை என்று அர்த்தம். இது ஏமாற்று இல்லை. ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். பிறகு விண்டோஸ் வேண்டும் என்றால் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டு. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் விண்டோஸ் விலையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். லைசென்ஸ் அட்டையில் சாவி எண்ணின் ஒரு பகுதி சுரண்டிப் பார்க்கும் பூச்சுக்குள் மறைந்திருக்கும். போன் ரீசார்ஜ் கார்டு பார்த்திருப்பீர்களே, அதுபோல. பூச்சு ஏற்கெனவே சுரண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

மூன்று. பில் வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் கடையின் 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண் இருக்கும். பில்லில் 'விண்டோஸ் 11' என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். 'பில் வேண்டாம் என்றால் விலை குறையும்' என்பார்கள். குறையும் பணத்தைவிட இழக்கும் பாதுகாப்பு பெரிது.

நான்கு. பழைய கம்ப்யூட்டர் வாங்கினால் எந்த விண்டோஸ் என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எல்லாப் பழைய கம்ப்யூட்டரிலும் ஏறாது. 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பு இடம், 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புப் பாகம் இவையாவது வேண்டும். 'இதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறுமா?' என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

ஐந்து. 'ஆபீஸ்' புரோகிராமுக்குத் தனி லைசென்ஸ். கடிதம் எழுதும் 'வேர்டு', கணக்குப் போடும் 'எக்செல்' எல்லாம் விண்டோஸில் சேர்ந்தவை இல்லை. சில லேப்டாப்பில் நிரந்தரமாகக் கொடுப்பார்கள். சிலவற்றில் ஒரு மாதம் மட்டும் ஓசியாக ஓடும். எது என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

புதிய லேப்டாப்பை முதலில் திறக்கும்போது அது இன்டர்நெட் கேட்கும். பிறகு மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைத் தொடங்கச் சொல்லும். இமெயில் முகவரி, போன் நம்பர், பாஸ்வேர்டு கேட்கும்.

இந்த இடத்தில் ரொம்பக் கவனம் வேண்டும்.

'நானே எல்லாம் போட்டுத் தருகிறேன்' என்று கடைக்காரர் சொல்லலாம். உதவியாகத்தான் சொல்லுவார். ஆனால் அவருடைய இமெயிலில் கணக்குத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும்? வீடு உங்களுடையது, சாவி அவரிடம் என்று ஆகிவிடும். லைசென்ஸ் அந்தக் கணக்கோடு சேர்ந்துவிடும். கம்ப்யூட்டரில் உள்ள தகவலைப் பாதுகாக்கும் 48 இலக்க மீட்பு எண்ணும் அந்தக் கணக்கிலேயே இருக்கலாம். ஒருநாள் கம்ப்யூட்டர் அந்த எண்ணைக் கேட்டால் நீங்கள் எங்கே போவீர்கள்?

ஆகவே உங்கள் இமெயில், உங்கள் போன் நம்பர். இமெயில் இல்லாவிட்டால் முதலில் அதைத் தொடங்குங்கள். பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள். ஒரு நோட்டில் எழுதிப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். கம்ப்யூட்டரின் மேலே ஒட்டி வைக்காதீர்கள்.

அடுத்து, ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 11-இல் இப்படிப் பாருங்கள்.

'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்துங்கள். 'செட்டிங்ஸ்' என்பதைத் திறங்கள். 'சிஸ்டம்' என்பதை அழுத்துங்கள். கீழே போனால் 'ஆக்டிவேஷன்' என்று இருக்கும். அதைத் திறங்கள். 'ஆக்டிவ்' என்று இருந்தால் சரி. அதற்குக் கீழே உள்ள வரியையும் படியுங்கள். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருந்தால் நல்லது. 'மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேர்ந்தது' என்றும் இருந்தால் இன்னும் நல்லது. 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தால் யோசியுங்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏது நிறுவனம்? அது முன்பு சொன்ன மூன்றாம் வகை லைசென்ஸ். உடனே கடைக்குப் போய்க் கேளுங்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன்பே இதைப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

திருட்டு நகல் ஏன் ஆபத்து?

'ஊரே அப்படித்தான் ஓட்டுகிறது. எனக்கு மட்டும் என்ன?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விண்டோஸ் விலை ஏழைகளுக்குப் பெரிய பணம்தான். அதனால்தான் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருட்டுப் புரோகிராம் போடுகிறவர் முதலில் என்ன செய்வார்? வைரஸ் காவலை நிறுத்துவார். காவல் இருந்தால் அந்தப் புரோகிராம் உள்ளே வராது. நாயைக் கட்டிப் போட்டுவிட்டு ஆளை உள்ளே விடுவது போன்றது இது. வந்த ஆள் பூட்டை மட்டும் திறப்பானா? பீரோவையும் பார்ப்பானா? நமக்குத் தெரியாது. நாம் அடிக்கும் பேங்க் பாஸ்வேர்டை வெளியே அனுப்பும் வைரஸ்கள் இப்படித்தான் வருகின்றன.

இரண்டாவது ஆபத்து, 'அப்டேட்' நின்றுபோவது. இயங்குதளத்தில் அவ்வப்போது ஓட்டைகள் தெரியவரும். கம்பெனி அதை அடைத்து அனுப்பும். அதுதான் அப்டேட். பூட்டு மறுபடி விழக்கூடாது என்று திருட்டு நகல் போடுகிறவர்கள் இதைப் பலமுறை நிறுத்தி வைக்கிறார்கள். ஓட்டை அப்படியே இருக்கும்.

2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியது. சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் தவித்தன. நம் நாட்டில் ஆந்திரப் பிரதேசப் போலீஸ் துறையின் சில கம்ப்யூட்டர்களும் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே வந்துவிட்டது. அதைப் போட்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். போடாதவர்கள் மாட்டினார்கள்.

மூன்றாவது, சட்டம். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. 1984-இல் செய்த திருத்தம் கம்ப்யூட்டர் புரோகிராம்களையும் அதில் சேர்த்தது. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தொழிலுக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் கோர்ட்டு சிறைத் தண்டனை இல்லாமல் விடலாம். 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் போடலாம்.

ஆகவே கடை நடத்துகிறவர்கள், குழு நடத்துகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பழுது பார்த்த பிறகு பூட்டு விழுந்தால்?

கம்ப்யூட்டரின் உள்ளே 'மதர்போர்டு' என்ற பெரிய பலகை இருக்கிறது. மற்ற பாகங்கள் எல்லாம் இதில்தான் சேர்கின்றன. இதை மாற்றினால் கம்ப்யூட்டரின் கைரேகையே மாறிவிடும். அப்போது விண்டோஸ் மறுபடி பூட்டிக்கொள்ளலாம். பயப்பட வேண்டாம்.

ரீடெயில் லைசென்ஸ் என்றால் மறுபடி ஆக்டிவேட் செய்யலாம். முன்பே உங்கள் கணக்கோடு லைசென்ஸைச் சேர்த்திருந்தால் வேலை எளிது. ஆக்டிவேஷன் பக்கத்திலேயே 'டிரபிள்ஷூட்' என்ற பொத்தான் வரும். அதை அழுத்தி, உங்கள் கணக்கில் நுழைந்து, இது என் கம்ப்யூட்டர்தான் என்று சொல்லலாம்.

கம்பெனி லேப்டாப் என்றால், வாரண்டி இருக்கும்போது அந்தக் கம்பெனியின் சர்வீஸ் மையத்திலேயே மாற்றுங்கள். லைசென்ஸையும் சரிசெய்து தரும்படி கேளுங்கள். ஆக்டிவ் என்று காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஹார்டு டிஸ்க் மாற்றுவதாலோ, விண்டோஸை அழித்து மறுபடி போடுவதாலோ லைசென்ஸ் போகாது. அதே விண்டோஸ், அதே கம்ப்யூட்டர் என்றால் இன்டர்நெட்டில் சேர்ந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகும். 'மறுபடி லைசென்ஸ் வாங்க வேண்டும்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணம் இல்லாமல் நேர்மையான வழி உண்டா?

உண்டு. அதுதான் லினக்ஸ்.

1991-இல் ஃபின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸை எழுதத் தொடங்கினார். உலகம் முழுவதும் பலர் சேர்ந்து அதை வளர்த்தார்கள். இதற்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் அந்த லைசென்ஸ் என்ன சொல்கிறது? 'பயன்படுத்துங்கள். நகல் எடுங்கள். மாற்றி எழுதுங்கள். மற்றவருக்கும் கொடுங்கள்' என்று சொல்கிறது. இதில் சாவி எண் இல்லை. ஆக்டிவேஷன் இல்லை.

நம் நாட்டு அரசு நிறுவனமான சி-டாக் 2007-இல் 'பாஸ்' என்ற லினக்ஸை வெளியிட்டது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் இதை உருவாக்கியது. இந்திய மொழிகள் பலவற்றில் இது வேலை செய்யும். தமிழும் அதில் உண்டு. கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். 'உபுண்டு' என்ற லினக்ஸ் 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் 'லிப்ரே ஆபீஸ்' இலவசம். அது விண்டோஸிலும் ஓடும்.

குறையும் உண்டு. விண்டோஸுக்கு என்றே எழுதிய சில கணக்குப் புரோகிராம்கள் லினக்ஸில் ஓடாது. சில பிரிண்டர்களும் தகராறு செய்யும். அதனால் உங்கள் வேலைக்கு எது தேவை என்று முதலில் எழுதிப் பாருங்கள். கடிதம், இன்டர்நெட், பிள்ளைகள் படிப்பு இவ்வளவுதான் என்றால் லினக்ஸ் தாராளமாகப் போதும்.

போனில் யாராவது மிரட்டினால்?

'மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம். உங்கள் லைசென்ஸ் இன்று முடிகிறது. உடனே பணம் கட்டுங்கள். இந்தச் செயலியைப் போடுங்கள்' என்று போன் வரலாம். திரையில் திடீரென்று சிவப்பாக ஒரு எச்சரிக்கையும் போன் நம்பரும் வரலாம்.

நம்பாதீர்கள். மைக்ரோசாஃப்ட் நாம் கேட்காமல் நமக்குப் போன் செய்வதில்லை. அவர்கள் போடச் சொல்லும் செயலி, தூரத்திலிருந்து நம் கம்ப்யூட்டரை இயக்குவதற்கு. அதைப் போட்டால் நம் பேங்க் கணக்கு அவர்கள் கையில்.

போனை வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது அரசின் சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

கடையில் ஏமாந்தால்?

பக்கத்து வீட்டுத் தம்பி அக்காவிடம் 'வழி இருக்கு' என்று சொன்னார் அல்லவா? அது இதுதான்.

முதலில் கடையிலேயே பேசுங்கள். பில், சீட்டு, திரையின் போட்டோ எல்லாம் எடுத்துப் போங்கள். தனியாகப் போக வேண்டாம். குழுவில் இரண்டு பேரைக் கூட்டிப் போங்கள்.

பலன் இல்லை என்றால் 1915-க்குப் போன் செய்யுங்கள். இது தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை. உங்கள் புகாரைப் பதிவு செய்து கடைக்காரரிடமோ கம்பெனியிடமோ பேசுவார்கள்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு இந்த உரிமையைக் கொடுக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்களே எழுதிக் கொடுக்கலாம். ஏமாந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

விண்டோஸோடு என்று சொல்லி விற்றுவிட்டு லைசென்ஸ் தராமல் இருப்பது, சொன்ன பொருளைத் தராதது போன்றது. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

நோட்டில் எழுதி வையுங்கள்

கம்ப்யூட்டருக்கு என்று ஒரு நோட்டுப் போடுங்கள். அதில் இவற்றை எழுதுங்கள்.

வாங்கிய தேதி. கடையின் பெயர். பில் எண். விலை.
எந்த விண்டோஸ்? எந்த வகை லைசென்ஸ்?
சாவி எண் தனியாகக் கொடுத்திருந்தால் அந்த 25 எழுத்து.
கணக்குத் தொடங்கிய இமெயில்.
48 இலக்க மீட்பு எண்.
வாரண்டி முடியும் தேதி.

சாவி எண்ணைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். பில்லின் மை சில மாதத்தில் மங்கிவிடும். அதனால் அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து நோட்டில் ஒட்டுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் தெருவில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் யார்? அதில் ஓடுவது விண்டோஸா, லினக்ஸா? கேட்டுச் சொல்லுங்கள்.
2. அக்கா வைத்திருந்த சீட்டில் 'விண்டோஸ் 11 உடன்' என்று எழுதாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
3. உங்கள் குழு ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறது. கடைக்காரரிடம் என்னென்ன கேட்பீர்கள்? ஐந்து கேள்விகள் எழுதுங்கள்.
4. வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பில்லை எடுங்கள். 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.
5. 1915, 1930. எந்த எண் எதற்கு? வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.